கேட்காத இரண்டு மன்னிப்புகள்

சுதர்சினி பற்றீஸ் பலகாரத்துக்குக் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோதுதான் நாவலப்பிட்டி ஸ்டேஷனிலிருந்து தங்கை பியூலா போன் எடுத்தாள்.

"அக்கா, இன்னைக்குக் கூட்டத்துல நான் சாட்சி சொல்லப்போறேன். அண்ணன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாருல்ல, அத எல்லாருக்கும் முன்னால சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்லணும். ராத்திரி பூரா அதே நெனப்புதான்."

சுதர்சினி மசிப்பதை நிறுத்தினாள். அண்ணன் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்டார் என்று பியூலாவிடம் சொன்னது சுதர்சினி. போதாக்குறைக்கு, அதே வாரம் அண்ணனிடம் போய், பியூலா மன்னிப்புக் கேட்டாள் என்று சொன்னதும் சுதர்சினிதான். இரண்டு மன்னிப்பையும் தன் அடுப்படியிலேயே தயாரித்து, ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

"சாட்சியெல்லாம் எதுக்கு பியூலா? அம்மாவோட நினைவுக் கூட்டம். பாட்டுப் பாடி ஜெபம் பண்ணி முடிச்சாப் போதாதா?"

"நல்லாருக்கே! கர்த்தர் செஞ்ச நன்மைய மறைக்கச் சொல்றியா? சரி, கோச்சி வருது, வைக்கிறேன்."

பியூலா போவது நாவலப்பிட்டியில் ஒரு எழுப்புதல் சபைக்கு. அங்கே கோச்சியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்கூட எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். இது நன்றாகத் தெரிந்திருந்தும் சுதர்சினி யோசிக்காமல் விட்டாளே, அவளுடைய புத்தியைத்தான் சொல்ல வேண்டும். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பார்ப்பார்கள், கண் கலங்குவார்கள், காரியம் முடிந்துவிடும், மன்னிப்பு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள் என்று அவள் நம்பியிருந்தாள். நம் வீடுகளில் வழக்கமாக அப்படித்தானே நடக்கிறது? சோற்றைப் போட்டுக் கொடுத்து, "ஆறுது, சாப்பிடு" என்றால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம்.

அவளைப் பொய்க்காரி என்று முடிவு கட்டிவிட அவசரப்பட வேண்டாம். கண்டி டவுனில் ஒரு சனலிங் சென்டரில், டொக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நம்பர் கொடுப்பது அவள் வேலை. டொக்டர் வரும் நேரம் என்று போர்டில் ஒன்று இருக்கும். டொக்டருக்கு அந்தப் போர்டு பற்றித் தெரியவே தெரியாது. அவர் வந்து சேரும்வரை, யார் முதலில் வந்தது என்று மூன்று பாஷையிலும் சண்டை நடக்கும். சுதர்சினி மூன்று பாஷையிலும் சமாதானம் சொல்வாள். அவளுடைய சபையில் மாதர் சங்கத்து அக்காமார் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், "சுதாவைக் கூப்பிடுங்க" என்பார்கள். அவள் வீடு இருக்கும் கட்டுகஸ்தோட்டையில் பக்கத்து வீட்டு மாமரம் மதிலுக்கு மேலால் சாய்ந்தாலும் சுதாவைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணம் கட்டாதவள், குடும்பம் குட்டி இல்லாதவள், அவளுக்கு நேரம் இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அவளுக்கே கோபம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் யாரும் யோசித்ததில்லை. அவளும் யோசித்ததில்லை.

சண்டை வந்தது போன வருஷத்து மழையில். அம்மா கட்டுகஸ்தோட்டை வீட்டில் சுதர்சினியின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினாள். ஊரெல்லாம் வெள்ளம், மலையெல்லாம் சரிவு, கரண்ட் இல்லை, பியூலாவுக்குச் செய்தி சொன்னதோடு போனும் இல்லை. நாவலப்பிட்டியிலிருந்து பியூலா வந்து சேர்வதற்குள் அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டார்கள். குழியை மூடி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தலையிலிருந்து கால்வரை சேறாக அவள் மயானத்துக்குள் ஓடிவந்தாள். பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால், "அம்மாவத் திருடிட்டு வந்து பொதச்சிட்டியே, படுபாவி!" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். அண்ணன் சந்திரகுமார் ஒரு பாடசாலையில் உப அதிபர். ஆயிரம் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லிப் பழகிய மனிதர். குடையை மடக்கிக்கொண்டு, திரும்பி நடந்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பியூலாவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள் நிரோஷினி கண்டியில் வேலை, சுதர்சினியோடுதான் இருக்கிறாள். அவளுடைய கல்யாணம் அடுத்த மாதம். கோயில் வாசலிலிருந்து பீடம்வரை பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக, தகப்பன் இல்லாத இடத்தில் தாய்மாமன் வேண்டும். "அவர் மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் என் மகள் கையத் தொடட்டும்" என்றாள் பியூலா. "அவ மன்னிப்புக் கேக்கட்டும், அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்" என்றார் சந்திரகுமார்.  ஒருநாள் நிரோஷினி, "தனியா நடந்து போனாலும் சரிதானே பெரியம்மா, இப்பல்லாம் அப்படியும் செய்றாங்க" என்றுவிட்டு பாத்ரூமுக்குள் போய் டெப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. சுதர்சினி கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சமாதானம் செய்கிறவர்களைப் பற்றி போதகர் இளங்கோ மாதர் சங்கத்தில் ஒரு மாதம் முழுக்கப் பாடம் எடுத்திருந்தார். ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை மற்றவரிடம் கொண்டுபோகக் கூடாது, அதை வழியிலேயே விட்டுவிட வேண்டும், பழைய புண்ணைக் கிளறவே கூடாது என்று படிப்பித்தார். சுதர்சினி அப்படியே செய்தாள். பியூலா திட்டியதைக் கம்பளைக்கு வருமுன்பே விட்டுவிட்டு, "சுகம் விசாரிச்சா" என்று அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் திட்டியதைப் பேராதனையில் விட்டுவிட்டு, "ஒன்னப் பத்திக் கேட்டாரு" என்று தங்கையிடம் சொன்னாள். முதலில் விட்டுவிட்டு வந்தவள், பிறகு கொஞ்சம் சேர்க்கவும் தொடங்கினாள். கல்யாணக் கார்ட் அடிக்க வேண்டிய வாரம் வந்தபோது, முழுசாக இரண்டு மன்னிப்பைச் சேர்த்துவிட்டாள். கார்டில் தாய்மாமன் பெயரும் ஏறிவிட்டது.

கிழங்குச் சட்டியை மூடிவைத்துவிட்டு மேல் வீட்டுக்குப் படி ஏறினாள். அம்மாவின் வீட்டுக்கு மேலே, அதே மேட்டில்தான் அண்ணனின் வீடு. சந்திரகுமார் கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை ஸ்திரி போட்டுக் கதிரையில் தொங்கியது.

"அண்ணே, பியூலா இன்னைக்கு என்னமோ பேசணும்ங்கிறா..."

"பேசட்டும். நானும் ரெண்டு வார்த்தை பேசலாம்னுதான் இருக்கேன்." கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார். "மையானத்துல அத்தனை பேர் முன்னால வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவ மன்னிப்புக் கேட்டா, நானும் மன்னிச்சிட்டேன்னு அதே ஆளுங்களுக்குத் தெரிய வேணாமா?"

 இப்போதே சொல்லிவிடலாம் என்று சுதர்சினி வாயைத் திறந்தாள். "அண்ணே, அவ வந்து..."

"என்ன, மனசு மாறிட்டாளா?" கத்தரிக்கோல் நின்றது. "மாறினா இப்பவே சொல்லு. கல்யாணத்துக்கு வேற மாமனப் பாத்துக்கட்டும்."

"இல்லண்ணே. கோச்சி ஏறிட்டா."

"அப்ப சரி" என்றார் அவர், மறுபக்க மீசைக்குப் போனபடி. சுதர்சினி வந்த வழியே இறங்கினாள்.

கடைசி வழியாகப் போதகருக்குப் போன் எடுத்து, இன்றைக்குச் சாட்சி நேரம் வேண்டாமே, மழை வரும்போல இருக்கிறது, ஆட்கள் நேரத்தோடு வீடு போகட்டும் என்று கெஞ்சினாள். "உங்க அடக்கம் எனக்குத் தெரியும் சிஸ்டர்" என்று சிரித்தார் அவர். "சாட்சி கட்டாயம் இருக்கு. முடிவுல நீங்களும் ரெண்டு நிமிஷம் பேசணும். ஒரு குடும்பத்த எப்படிச் சேத்து வச்சீங்கன்னு சபை கேக்கட்டும்." அவள் மேற்கொண்டு பேசுவதற்குள் நல்ல மனுஷன் போனிலேயே ஜெபமும் பண்ணி முடித்துவிட்டார்.

பின்னேரம் வீடு நிறைந்துவிட்டது. சபையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரைகளை வாசற்படிவரை நெருக்கிப் போட்டிருந்தார்கள். சுதர்சினி குசினிப் பக்கமாகவே நின்றுகொள்ளப் பார்த்தாள். விடுவார்களா? "நீங்கதான் நடுவுல இருக்கணும்" என்று இழுத்துக்கொண்டு வந்து சோபா செட்டியில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் அண்ணன், ஸ்திரி மணத்தோடு. மறுபக்கம் பியூலா, ஈரக் கைக்குட்டையோடு. எதிரே ஸ்டூலில் பூமாலை போட்ட அம்மாவின் படம். வாசலுக்குப் போவதென்றால் பத்துப் பேரின் முழங்காலைத் தாண்ட வேண்டும்.

அண்ணனும் தங்கையும் இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இருவருடைய முகத்திலும் ஒரே மாதிரியான பெருந்தன்மை. நான் மன்னித்துவிட்டேன் என்ற பெருந்தன்மை.  பாட்டு நடந்தது. எழும்பி ஓடிவிடலாமா, மயக்கம் வந்ததுபோல் விழுந்துவிடலாமா என்று சுதர்சினி யோசித்தாள். கரண்ட் போகட்டும் என்றுகூட ஜெபம் பண்ணினாள். மழை வந்தது, கரண்ட் போகவில்லை.

போதகர் சமாதானத்தைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, "சாட்சி சொல்ல விருப்பப்படறவங்க..." என்று தொடங்கினார். அவர் வசனத்தை முடிக்குமுன் பியூலா எழுந்துவிட்டாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஒரு வருஷமா என் மனசுல கல்லு மாதிரி ஒரு பாரம் இருந்திச்சு. அம்மா முகத்த நான் கடைசியாப் பாக்கல்ல. அந்தக் கோவத்துல அண்ணன்கூட நான் பேசல்ல. ஆனா கர்த்தர் பெரியவர். எங்க அண்ணன், தங்கச்சி, நான் செஞ்சது தப்பு, ஒன்ன விட்டுட்டுப் பெட்டிய மூடினது தப்புன்னு அழுது மன்னிப்புக் கேட்டாரு. அந்த நிமிஷமே நான் மன்னிச்சிட்டேன்."

"ஆமென்" என்றது சபை. சந்திரகுமார் ஆமென் சொல்லவில்லை. அவர் பியூலாவைப் பார்க்கவும் இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுதர்சினியைப் பார்த்தார்.

"நானா?" என்றார். "நான் எப்ப அழுதேன்?"

"கேட்டீங்கதானே, அண்ணே?" பியூலாவின் குரல் இறங்கியது. "அக்காகிட்ட சொல்லி அனுப்பினீங்கதானே?"

"மன்னிப்புக் கேட்டது நீ. நீதான் சொல்லி அனுப்பின."

"நானா? நான் எதுக்குக் கேக்கணும்? அம்மா முகத்தக் காட்டாம..."

"பாத்தீங்களா? பாத்தீங்களா பாஸ்டர்?" சந்திரகுமாரும் எழுந்துவிட்டார். "அதே பேச்சு. இதுக்குத்தான் என்னக் கூப்பிட்டு உக்கார வச்சீங்களா?"

நிரோஷினி குசினி வாசலில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைச் சுதர்சினி பார்த்தாள். இந்த நிமிஷத்திலும் ஏதாவது சொல்லி ஒட்டவைக்கலாம் என்று புத்தி ஓடியது. கேட்டது தப்பாக இருக்கும், சொன்னது வேறு, அர்த்தம் வேறு என்று ஆயிரம் வார்த்தை வாய்க்குள் வந்து வரிசையில் நின்றன. எல்லாவற்றையும் பார்த்து அவளுக்கே அலுத்துப்போனது. எழுந்தாள்.

"அண்ணன் கேக்கல்ல. நீயும் கேக்கல்ல. ரெண்டையும் நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன்."

 யாரோ ஒரு பிள்ளை இருமியது.

"இல்லாததையெல்லாம் தூக்கிக்கிட்டு நடந்தேன். நடந்தது என்னன்னு ரெண்டு பேருக்கும் நான் சொல்லவே இல்ல, பழசக் கிளறக் கூடாதுன்னு." அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அன்னைக்கு இவ உலப்பனையில பஸ்ஸ விட்டு எறங்கி, சரிஞ்ச மண்ணு மேல ஏறி, கம்பளை வரைக்கும் நடந்து வந்தா. செருப்பு சேத்துல போயிருச்சு. வெறுங்காலு. அந்தக் கால நான்தான் கழுவிவிட்டேன். நகம் பேந்து தொங்கிச்சு. பியூலா, அண்ணன் பெட்டிய மூட விடல்ல. பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர் மூடியத் தூக்கத் தூக்க, தங்கச்சி வரணும், தங்கச்சி வரணும்னு கையப் புடிச்சு நிறுத்தினாரு. மழையில நனைஞ்சிக்கிட்டு ரோட்டுக்குப் போய்ப் போய்ப் பாத்துட்டு வந்தாரு. மூடச் சொன்னது அவரு இல்ல."

"அப்ப யாரு?" என்றாள் பியூலா.

சுதர்சினி வாயை மூடிக்கொண்டாள். யாரையும் காட்டிக்கொடுக்காத பழைய பழக்கம் அவளைக் கழுத்தில் பிடித்துக்கொண்டது. தரையைப் பார்த்தாள். அண்ணனும் தரையைத்தான் பார்த்தார். அவருக்கும் தெரியும், அவரும் ஒரு வருஷமாகச் சொல்லவில்லை.

போதகர் இளங்கோ கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை ஸ்டூலில் வைத்தார். "நான்தான்" என்றார். "குழியில தண்ணி ஏறுதுன்னாங்க. வந்த சனம் திரும்பிப் போக ரோடு இருக்குமான்னு பயந்தேன். நான்தான் மூடச் சொன்னேன். அதுக்கப்புறம் மையானத்துல இவரத் திட்டினப்ப... நான் வாயத் திறக்கல்ல. அப்படியே விட்டா அடங்கிரும்னு நெனச்சேன்."  ஒரு மாதம் பாடம் எடுத்த மனிதர் அவசரமாக ஒரு முடிவு ஜெபம் பண்ணினார். பற்றீஸையும் ரோல்ஸையும் யாரும் வீட்டில் வைத்துச் சாப்பிடவில்லை. கடதாசியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கதிரைகள் காலியானதும் சந்திரகுமார் சுதர்சினிக்கு நேராக வந்து நின்றார். "என்ன ஒரு கோமாளியாக்கிட்டே. மன்னிச்சிட்டேன்னு சொல்ல சட்டையெல்லாம் ஸ்திரி போட்டுக்கிட்டு வந்தேன்."

"நான் முழங்கால்ல நின்னு நன்றி சொன்னேன், அக்கா" என்றாள் பியூலா. "இல்லாத ஒன்னுக்கு! என் பேர்ல அவர்கிட்ட என்னென்ன சொன்ன? நான் அழுதேன்னு சொன்னியா? கால்ல விழுந்தேன்னு சொன்னியா?"

சொல்லியிருந்தாள். 

பியூலா அறைக்குள் போய்த் தன் பேக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். "இந்த வீட்டுல இன்னைக்கு நான் படுக்க மாட்டேன்." நாவலப்பிட்டிக்குக் கோச்சியும் பஸ்ஸும் இல்லாத நேரம். வாசலில் மழையைப் பார்த்தபடி நின்றாள். சந்திரகுமார் குடையை விரித்தார். 

"மேல வா" என்றார். ஒரு வருஷத்தில் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஒரே குடைக்குள் இருவரும் படி ஏறினார்கள். சுதர்சினி குசினி ஜன்னலில் நின்று பார்த்தாள். பாதி வழியில் அண்ணன் நின்று, "உலப்பனையிலேருந்தா நடந்த?" என்று கேட்டது மழைக்குள்ளும் காதில் விழுந்தது. பியூலா ஏதோ சொன்னாள். அவர் அவளுடைய கையிலிருந்து பேக்கை வாங்கிக்கொண்டார். சுதர்சினி ஒரு வருஷமாக ஓடி ஓடிச் செய்ய முடியாத காரியத்தை, அவள்மேல் வந்த கோபம் ஒரு படிக்கட்டிலேயே செய்து முடித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் என்று சுதர்சினிக்குத் தெரிந்தது. சந்தோஷமும் வந்தது, கூடவே, யாரோ கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி ஒரு இருட்டும் வந்தது. ஜன்னலை மூடினாள்.

அதன் பிறகு கல்யாண வேலை எல்லாம் மேல் வீட்டில்தான். பியூலா லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டாள். சாரி பிரித்துப் பார்ப்பதும் கணக்கில்லாமல் தேநீர் ஊற்றுவதும் சிரிப்பதும் கீழே கேட்கும். நிரோஷினி மேலும் கீழும் போய்வந்தாள். சுதர்சினியை யாரும் கூப்பிடவில்லை. சபையிலும் இப்போது அவளைக் கூப்பிடுவது நின்றுபோனது. முகத்தைத் திருப்பிக்கொண்ட அக்காமார் திருப்பியபடியே இருந்தார்கள். சனலிங் சென்டரில் மட்டும் சண்டைக்குக் குறைவில்லை. டொக்டர் இப்போதுதான் வழியில் வருகிறார் என்று சொல்ல வாயெடுத்தவள், "எப்ப வருவாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள். சனம் திட்டியது. திட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

ஒரு மாலை நிரோஷினி மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்து, பெரியம்மாவுக்குப் பக்கத்தில் செட்டியில் உட்கார்ந்தாள். கையிலிருந்த ரிப்பன் சுருளைப் பிரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தாள்.

"மாமா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாராம். நேத்து அவரே வந்து சொன்னாரு."

"நல்லது" என்றாள் சுதர்சினி. மனதாரத்தான் சொன்னாள்.

"ஆனா நீங்க முன் வரிசைக்கு வர வேணாம்ங்கிறாங்க. ரெண்டு பேருமே. பின்னால எங்கயாவது உக்காரட்டும்னு அம்மா சொல்லுது." நிரோஷினியின் கண் நிறைந்துவிட்டது. "நான் பேசுறேன் பெரியம்மா. நீங்க ராத்திரி பகலா அழறீங்க, ஒருவாய்கூடச் சாப்பிடறதில்லன்னு சொல்றேன். கரைஞ்சிருவாங்க."

"நான் ஒழுங்காத்தானே சாப்பிடுறேன்?"

"அது அவங்களுக்குத் தெரியவா போகுது? நல்ல காரியத்துக்குத்தானே?"

 அது சுதர்சினியின் பேச்சு. அந்த இழுவை, அந்த அக்கறை, அந்த 'நல்ல காரியத்துக்குத்தானே' எல்லாம் அவளுடையவை. இவ்வளவு வருஷம் பக்கத்தில் இருந்த பிள்ளைக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, தைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். நாளைக்கு இவளும் ஒரு செட்டியின் நடுவில் உட்கார்ந்திருப்பாள், இரண்டு பக்கமும் நகர இடமில்லாமல்.

"வேணாம்." அவள் குரல் இவ்வளவு உரத்து வந்து நிரோஷினி கேட்டதில்லை. "யாரோட பேச்சையும் நீ தூக்கிக்கிட்டுப் போகாத. எனக்காகவும் போகாத. ஒன் கல்யாணமே நிக்குதுன்னாலும் போகாத. வெளங்குதா?"

பிள்ளை திடுக்கிட்டுப்போய்த் தலையை ஆட்டினாள். சுதர்சினி எழுந்து, கொடியில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தூறல் விட்டபாடில்லை. படி ஏறும்போது, என்ன சொல்வது என்று வழக்கம்போல மனது ஒத்திகை பார்க்கத் தொடங்கியது. அண்ணனுக்கு ஒரு விதமாக, பியூலாவுக்கு வேறு விதமாக. அதை நிறுத்தினாள். இரண்டு பேருக்கும் ஒரே பேச்சுத்தான். பொய் சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்க. அதற்கு மேலும் ஒன்று இருந்தது, அம்மா போன நாளிலிருந்து தொண்டையில் கிடப்பது. நீங்கள் இரண்டு பேரும் அம்மாவின் முகத்துக்காகச் சண்டை போட்டீர்கள். அந்த முகத்தைத் தினமும் கழுவித் துடைத்தது நான். எனக்கும்தான் அம்மா செத்துப்போனாள். ஒருத்தராவது என்னைக் கேட்டீர்களா? அதையும் சொல்ல வேண்டும். கோபமாகத்தான் வரும். வரட்டும்.

மேல் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒருமுறை கம்பளைச் சந்தையில் கருவாட்டுக்காரனோடு சண்டை போட்ட கதை. அந்தச் சண்டையை விலக்கியது சுதர்சினிதான். அவர்களுக்கு அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. திரும்பிப் போய்விட்டால் அந்தச் சிரிப்பாவது மிஞ்சும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தட்டினாள்.

"யாரு?" பியூலாவின் குரல்.

"நான்தான்."

சிரிப்பு நின்றது. கதவு திறக்கவில்லை. மழைத்தண்ணீர் கூரையிலிருந்து அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

"யாரு அனுப்பினா?" என்றார் அண்ணன் உள்ளிருந்தே. "நிரோவா? பாஸ்டரா?"

"யாரும் அனுப்பல்ல அண்ணே" என்றாள் சுதர்சினி. "நானேதான் வந்திருக்கேன்."

உள்ளே ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டது.